எந்திரத்திலிருந்து எழுத்துக்கு: மென்பொருள் குழுக்களின் மறுபயன்பாட்டு மெய்நிகர் எந்திரச் சூழல்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு மென்பொருளைப் பலர் கூடி உருவாக்கும்போது அவர்களுடைய கணினிச் சூழல்கள் ஒன்றுபோல் அமைந்திருத்தல் வேண்டும். ஒருவர் கணினியில் இயங்கும் நிரல் மற்றொருவர் கணினியில் இயங்காமற் போவதற்குப் பெரும்பாலும் நிரலன்றிச் சூழலே காரணமாகிறது. இச்சிக்கலுக்குத் தீர்வாக மெய்நிகர் எந்திரங்கள் பயன்பட்ட வரலாற்றை மூன்று கட்டங்களாக இக்கட்டுரை பகுத்து நோக்குகிறது. எந்திரத்தைப் பகிர்தல், எந்திரத்தைப் படியெடுத்தல், எந்திரத்தை எழுதிவைத்தல் என்பன அக்கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் சிக்கலை முற்றிலும் நீக்கவில்லை, அதனை வேறோர் இடத்திற்கு நகர்த்தியது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் எந்திரம், படிமம், வரையறைக் கோப்பு, கொள்கலன், மறுபயன்பாடு, மென்பொருள் வரலாறு.

முன்னுரை

மென்பொருள் என்பது எழுதப்பட்ட நிரல் மட்டுமன்று. அது இயங்குவதற்கு ஓர் இயங்குதளம், குறிப்பிட்ட பதிப்புகளைச் சேர்ந்த நிரல் தொகுப்புகள், தரவுத்தளம், வலையமைப்பு அமைப்புகள் எனப் பல தேவைப்படுகின்றன. இவற்றின் தொகுதியே சூழல் எனப்படுகிறது. நிரலைப் பாதுகாக்கவும் அதன் மாற்றங்களைப் பதிவுசெய்யவும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 1970களிலேயே தோன்றிவிட்டன. சூழலைப் பாதுகாக்கும் முறைகளோ மிகவும் காலந்தாழ்ந்தே குழுக்களின் அன்றாட வழக்கத்திற்கு வந்தன.

மெய்நிகர் எந்திரம் பற்றிய பொதுவான வரலாறுகள் பெரும்பாலும் வன்பொருட் செலவைக் குறைத்தல் என்னும் நோக்கிலேயே எழுதப்படுகின்றன. ஒரு வழங்கியில் பல வழங்கிகளை இயக்கிச் சிக்கனம் காணுதல் அவ்வரலாறுகளின் மையமாகிறது. ஆனால் மெய்நிகர் எந்திரம் தன் தொடக்கத்திலேயே மென்பொருள் உருவாக்குவோருக்கான கருவியாகவும் இருந்தது. அந்தப் பக்கத்தை முதன்மைப்படுத்தி, குழுக்கள் ஒரே சூழலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. எந்திரத்தைப் பகிர்தல்

1960களின் தொடக்கத்தில் ஒரு கணினி என்பது ஒரு நிறுவனம் முழுமைக்கும் உரிய பெருஞ்செலவுப் பொருள். அதனைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதற்கான நேரப் பகிர்வு முறை, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ தலைமையில் 1961இல் செய்துகாட்டப்பட்டது. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. எனினும் அக்கழகத்தின் அடுத்த பெருந்திட்டமான புராஜெக்ட் மேக், ஐபிஎம் எந்திரத்தை விடுத்து ஜெனரல் எலெக்ட்ரிக் எந்திரத்தைத் தேர்ந்தது. நேரப் பகிர்வுக்குத் தேவையான முகவரி மாற்ற வசதி சிஸ்டம்/360இல் இல்லாமை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

அதே 1964இல் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் நார்மன் ராஸ்முசன் தலைமையில் தொடங்கப்பெற்றது. அங்கு ராபர்ட் கிரீஸி வழிநடத்திய குழு சிபி-40 என்னும் கட்டுப்பாட்டு நிரலை உருவாக்கியது. சிஸ்டம்/360 மாடல் 40 எந்திரத்தில் முகவரி மாற்றத்திற்கான தனிக் கருவியொன்றைப் பொருத்தி இது இயக்கப்பட்டது. 1967 ஜனவரி முதல் இது நடைமுறைப் பயன்பாட்டில் இருந்தது.

சிபி-40இன் வடிவமைப்பில் ஒரு தெளிவான பிரிவினை காணப்படுகிறது. எந்திரத்தைப் பங்கிடும் வேலையைக் கட்டுப்பாட்டு நிரல் மட்டும் செய்தது. பயனர் கட்டளைகளை ஏற்று நடத்தும் வேலையைச் சிஎம்எஸ் என்னும் தனி இயங்குதளம் செய்தது. சிஎம்எஸ் ஒரே ஒரு பயனருக்காக எழுதப்பட்டது. முழு எந்திரமும் தனக்கே உரியது என்று கருதி அது இயங்கும். கட்டுப்பாட்டு நிரல் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு சிஸ்டம்/360 எந்திரத்தின் தோற்றத்தை அளித்தது. எனவே ஒருவருடைய இயங்குதளம் செயலிழந்தாலும் அடுத்தவர் வேலை கெடுவதில்லை.

இயங்குதளம் எழுதுவோருக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. புதிய இயங்குதளத்தைச் சோதிப்பதற்கு முன்னர் முழு எந்திரத்தையும் இரவு நேரத்தில் ஒருவருக்கு ஒதுக்கித் தர வேண்டியிருந்தது. மெய்நிகர் எந்திரத்தில் அச்சோதனையைப் பகலிலேயே பிறர் பணிக்கு இடையூறின்றிச் செய்ய இயன்றது. சிபி-40இன் வழிவந்த சிபி-67 இதனை மேலும் ஒரு படி முன்னெடுத்தது. சிஸ்டம்/370 வரிசைக்கு மெய்நிகர் நினைவக வசதி 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே சிபி-67ஐ மாற்றியமைத்து, இன்னும் சந்தைக்கு வராத அந்த எந்திரத்தின் மெய்நிகர் வடிவத்தை ஐபிஎம் பொறியாளர்கள் உருவாக்கிக்கொண்டு, அதன்மேல் மென்பொருளை வளர்த்தனர். அதே அறிவிப்பில் விஎம்/370 வணிகப் பொருளாக வெளியாயிற்று.

இத்துறைக்கான கோட்பாட்டு அடித்தளத்தை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை அமைத்தது. மெய்நிகர் எந்திரத்தில் இயங்கும் நிரல், உண்மை எந்திரத்தில் இயங்குவது போன்றே நடந்துகொள்ளல் வேண்டும். வளங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டு நிரலின் ஆளுகையில் இருத்தல் வேண்டும். பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரடியாகச் செயலியில் நிகழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் முதலாவதாகிய ஒப்புமை, பிற்காலக் குழுக்களின் தேவைக்கு மிக நெருங்கியது. 'மெய்நிகர்' என்னும் தமிழ்க் கலைச்சொல், மெய்க்கு நிகரானது என்னும் பொருளில் இப்பண்பையே சுட்டி நிற்பது குறிப்பிடத்தக்கது.

இக்கட்டத்தில் சூழலின் ஒருமை ஒரு சிக்கலாகத் தோன்றவில்லை. அனைவரும் ஒரே பேரெந்திரத்தின் பகுதிகளிலேயே பணியாற்றினர். அவ்வெந்திரத்தை ஒரு நிர்வாகக் குழு பேணியது. ஒருமை என்பது அக்கால அமைப்பின் இயல்பான விளைவாக இருந்தது.

2. எந்திரத்தைப் படியெடுத்தல்

1980களில் சிறுகணினிகளும் தனியாள் கணினிகளும் பரவின. ஒவ்வொரு நிரலருக்கும் ஒரு முழுக்கணினி கிடைத்தபின் ஒரே எந்திரத்தைப் பங்கிட வேண்டிய தேவை குறைந்தது. பேரெந்திரங்களுக்கு வெளியே மெய்நிகர் எந்திரம் ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கணினியைத் தாமே அமைத்துக்கொண்டமையால் சூழல்கள் வேறுபடத் தொடங்கின.

மெய்நிகர் எந்திரத்தின் மறுவருகை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. பல செயலிகள் கொண்ட பெருங்கணினியில் வழக்கமான இயங்குதளங்களை அதிக மாற்றமின்றி இயக்கும் டிஸ்கோ என்னும் ஆய்வமைப்பை எட்வர்ட் புன்யோன், ஸ்காட் டெவைன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்டோர் 1997இல் வெளியிட்டனர். இவர்கள் மூவரும் டயான் கிரீன், எட்வர்ட் வாங் ஆகியோருடன் சேர்ந்து 1998இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இவர்கள் எதிர்கொண்ட தடை எக்ஸ்86 செயலியின் அமைப்பிலேயே இருந்தது. போபெக், கோல்ட்பெர்க் ஆகியோரின் வரையறைப்படி, எந்திர நிலையைத் தொடும் கட்டளைகள் அனைத்தும் கட்டுப்பாட்டு நிரலுக்குத் தெரியவந்தாக வேண்டும். எக்ஸ்86இல் அவ்வாறு தெரியவராமலே நிகழ்ந்துவிடும் கட்டளைகள் இருந்தன. பெண்டியம் செயலியில் அத்தகையன 17 உள்ளன என்று ஜான் ராபின், சிந்தியா எர்வின் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிக்கலான கட்டளைகளை இயங்கும்போதே வேறு கட்டளைகளாக மாற்றியெழுதும் முறையால் விஎம்வேர் இத்தடையைக் கடந்தது. 1999இல் அதன் ஒர்க்ஸ்டேஷன் வெளியாயிற்று. 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன.

குழுப்பணியின் நோக்கில் ஒர்க்ஸ்டேஷன் கொணர்ந்த மாற்றம் வேகத்தில் அன்று, வடிவத்தில் உள்ளது. அதில் மெய்நிகர் எந்திரத்தின் வன்வட்டு என்பது மேசைக் கணினியிலுள்ள ஒரு சாதாரணக் கோப்பு. கோப்பைப் படியெடுக்கலாம், வேறிடத்திற்கு அனுப்பலாம், சேமித்து வைக்கலாம். இவ்வாறு எந்திரமே படியெடுக்கத்தக்க பொருளாயிற்று.

இதன் விளைவுகளை ஆய்வுலகம் விரைவில் உணர்ந்தது. மென்பொருளை அதன் இயங்குதளத்துடன் சேர்த்து ஒரே பொதியாக வழங்கும் 'மெய்நிகர் சாதனம்' என்னும் கருத்தை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்தனர். 2005இல் வெளியான ஒர்க்ஸ்டேஷன் ஐந்தாம் பதிப்பு, பல நிலைப்பதிவுகளை எடுத்துவைக்கவும் இணைப்புப் படிகளை உருவாக்கவும் இடமளித்தது. இணைப்புப் படி என்பது முழுவட்டையும் மீண்டும் எழுதுவதில்லை. மூலவட்டு மாறாமல் நிற்கிறது. படியில் ஏற்படும் மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பில் சேர்கின்றன. ஒரே மூலத்திலிருந்து பத்துப் பேருக்குப் பத்து எந்திரங்களைக் குறைந்த இடத்தில் வழங்க இது வழிசெய்தது.

இக்காலத்துக் குழுக்களின் வழக்கம் பின்வருமாறு அமைந்தது. அனுபவமுள்ள ஒருவர் மெய்நிகர் எந்திரமொன்றில் இயங்குதளத்தையும் தேவையான கருவிகளையும் நிறுவுவார். அது 'பொற்படிமம்' எனக் கொள்ளப்படும். மற்றவர்கள் அதனைப் படியெடுத்துப் பணியாற்றுவர். புதிதாகச் சேருபவர் நாட்கணக்கில் கருவிகளை நிறுவ வேண்டிய நிலை மாறியது.

ஆயினும் படிமம் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எந்தத் தொகுப்பு ஏன் நிறுவப்பட்டது, எந்த அமைப்பு யாரால் மாற்றப்பட்டது என்பன அதனை உருவாக்கியவர் நினைவில் மட்டுமே இருந்தன. அவர் குழுவை விட்டு நீங்கினால் அவ்வறிவும் நீங்கியது. படியெடுத்தபின் ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்பச் சிறு மாற்றங்கள் செய்ததால், சுவடிகளைப் படியெடுக்கும்போது பாடவேறுபாடுகள் தோன்றுவதைப் போன்று எந்திரப் படிகளிலும் வேறுபாடுகள் தோன்றின. மூலத்தில் ஒரு திருத்தம் செய்ய நேர்ந்தால் பல கிகாபைட் அளவுள்ள படிமத்தை மீண்டும் அனைவருக்கும் அனுப்ப வேண்டியிருந்தது.

பாதுகாப்பு நோக்கிலும் புதிய இடர்கள் எழுந்தன. டால் கார்ஃபிங்கல், மெண்டல் ரோசன்பிளம் ஆகியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்கியது. எந்திரத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது, இடையில் செய்யப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களும் நீங்கிவிடுகின்றன. அழித்துவிட்டதாகக் கருதிய மறைவுத் தகவல்கள் மீண்டும் உயிர்பெறுகின்றன. மறையாக்கத்திற்குரிய, ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய எண்கள் இருமுறை பயன்படக்கூடும். விஎம்வேர் நிறுவனர்களுள் ஒருவரே இவ்வெச்சரிக்கையை எழுதியோருள் இடம்பெறுவது கருதத்தக்கது.

3. எந்திரத்தை எழுதிவைத்தல்

மூன்றாம் கட்டத்தின் வேர் மெய்நிகர் எந்திரத் துறைக்கு வெளியே உள்ளது. பல கணினிகளைப் பேணும் நிர்வாகிகளுக்காக, மார்க் பர்ஜெஸ் ஓஸ்லோவில் 1993இல் சிஎஃப்எஞ்சின் என்னும் கருவியை எழுதினார். கணினி எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வரையறுத்தால், கருவி அதனை அந்நிலைக்குக் கொண்டுவரும். ஏற்கெனவே அந்நிலையில் இருப்பின் எதனையும் மாற்றாது. இவ்வழியில் 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் ஆன்சிபிள் ஆகிய கருவிகள் தோன்றின.

மறுபுறம், இன்னோடெக் நிறுவனம் 2007இல் விர்ச்சுவல்பாக்ஸைத் திறமூலப் பதிப்பாகவும் வெளியிட்டது. உரிமக் கட்டணமின்றி எவரும் மெய்நிகர் எந்திரம் இயக்கும் நிலை உருவாயிற்று. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இக்காலத்தில் பரவின. எழுத்து வடிவ வரையறை, கட்டணமற்ற மெய்நிகர் எந்திரம், பதிப்புக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இணைந்த இடத்தில் மிட்செல் ஹாஷிமோட்டோ 2010இல் வெளியிட்ட வேக்ரண்ட் என்னும் கருவி அமைந்தது. அதன் முதல் முழுப்பதிப்பு 2012 மார்ச்சில் வெளிவந்தது.

வேக்ரண்டின் செயல்முறை எளியது. திட்டத்தின் நிரலோடு ஒரு வரையறைக் கோப்பும் வைக்கப்படுகிறது. எந்த அடிப்படைப் படிமத்திலிருந்து எந்திரம் தொடங்க வேண்டும், எவ்வளவு நினைவகம், எந்த வலையமைப்பு வாயில்கள், எந்தக் கோப்புறை பகிரப்பட வேண்டும், பின்னர் எந்த நிறுவல் நிரல்கள் இயங்க வேண்டும் என்பன அதில் எழுதப்படுகின்றன. புதிதாகச் சேரும் நிரலர் திட்டத்தைத் தம் கணினிக்கு இறக்கி, 'வேக்ரண்ட் அப்' என்ற ஒரே கட்டளையை இட்டால், கருவி படிமத்தைப் பெற்று, எந்திரத்தை உருவாக்கி, நிறுவல்களை முடித்துத் தருகிறது.

இங்குப் பகிர்கோப்புறையின் பங்கு தனியே சுட்டத்தக்கது. நிரல் மேசைக் கணினியிலேயே இருக்கிறது. அவரவர் விரும்பும் தொகுப்பானில் அதனைத் திருத்தலாம். இயக்குவது மட்டும் மெய்நிகர் எந்திரத்தில் நிகழ்கிறது. ஆகவே எந்திரத்தை அழித்தாலும் உழைப்பு அழிவதில்லை. பொற்படிமக் காலத்தில் எந்திரம் பேணப்பட வேண்டிய செல்வமாக இருந்தது. இப்போது அது ஐயம் தோன்றும்போதெல்லாம் அழித்து மீண்டும் ஆக்கத்தக்கதாயிற்று. பாதுகாக்கப்படும் பொருள் எந்திரத்திலிருந்து எழுத்துக்கு மாறியது.

எழுத்துக்கு மாறியதால் சூழலும் விவாதத்திற்குரியதாயிற்று. ஒரு தரவுத்தளத்தின் பதிப்பை மாற்ற விரும்புபவர் வரையறைக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தி, காரணத்தைக் குறிப்பிட்டு, குழுவின் ஒப்புதலுக்கு வைக்கலாம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பதிவாகிறது. முன்பு ஒருவர் நினைவில் இருந்த அறிவு குழுவின் பொதுச்சொத்தாயிற்று.

அடிப்படைப் படிமம் எவ்வாறு உருவானது என்னும் வினா அப்போதும் எஞ்சியது. பலர் வலையில் கிடைத்த படிமங்களை அவற்றின் உள்ளடக்கம் அறியாமலே பயன்படுத்தினர். ஹாஷிமோட்டோ தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2013இல் வெளியிட்ட பேக்கர் இதற்கு விடையளித்தது. இயங்குதள நிறுவலையே தானியங்கியாக நடத்தி, ஒரே வரைவிலிருந்து பல மெய்நிகர் தளங்களுக்கான படிமங்களை அது ஆக்கியது.

4. கொள்கலன்களும் எந்திரத்தின் எச்சமும்

2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர், கொள்கலன் முறையைப் பெருவழக்காக்கியது. கொள்கலன் தனி இயங்குதளக் கருவைக் கொண்டிராது. அது தாங்கும் கணினியின் கருவையே பகிர்ந்துகொள்கிறது. இக்கருத்தின் முன்வடிவங்கள் 1979இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலும் 2000இன் ஃப்ரீபிஎஸ்டியிலும் உள்ளன. நொடிகளில் தொடங்குவதாலும் குறைந்த இடத்தையே கொள்வதாலும் பல குழுக்கள் கொள்கலனுக்கு மாறின.

இம்மாற்றத்தை மெய்நிகர் எந்திரத்தின் முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. லினக்ஸ் கொள்கலனுக்கு லினக்ஸ் கரு தேவை. ஆதலால் மேக், விண்டோஸ் கணினிகளில் டாக்கர் லினக்ஸ் கொள்கலன்களை இயக்கும்போது உள்ளே ஒரு லினக்ஸ் மெய்நிகர் எந்திரம் இயங்குகிறது. பயனர் கண்ணுக்கு அது தென்படுவதில்லை என்பதே வேறுபாடு. மேலும் டாக்கரின் வரையறைக் கோப்பும், அடிப்படைப் படிமமொன்றைச் சுட்டி அதன்மேல் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் வகையில், மூன்றாம் கட்டத்தின் முறையையே தொடர்கிறது.

5. எழுத்தின் வரம்புகள்

எழுதிவைத்தல் சிக்கலைத் தீர்த்துவிட்டதா என்னும் வினா இங்கு எழுகிறது. வரையறைக் கோப்பு தன்னளவில் முழுமையுடையதன்று. அது வெளிக் களஞ்சியங்களிலிருந்து தொகுப்புகளை வரவழைக்கிறது. 'இத்தொகுப்பை நிறுவுக' என்னும் வரி இன்று தருவதும் ஓராண்டுக்குப் பின் தருவதும் ஒன்றல்ல, பதிப்பு மாறியிருக்கும். சென்டோஸ் 8இன் ஆதரவு 2021 டிசம்பர் 31இல் முடிவுற்றது. அதன் தொகுப்புகள் வழக்கமான இடத்திலிருந்து காப்பகத்திற்கு நகர்த்தப்பட்டபின், ஒரு வரியும் மாறாத பழைய நிறுவல் நிரல்கள் இயங்காமற் போயின. எழுத்து மாறவில்லை, எழுத்து சுட்டிய உலகம் மாறியது.

வன்பொருளும் மாறுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் ஆர்ம் வகைச் செயலி கொண்ட கணினிகளை வெளியிட்டபோது, எக்ஸ்86க்காக ஆக்கப்பட்ட படிமங்கள் அவற்றில் நேரடியாக இயங்கவில்லை. குழுவில் இருவகைக் கணினிகளும் கலந்திருக்கும்போது ஒருமை மீண்டும் குலைந்தது. உரிமமும் மாறுகிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் தன் கருவிகளின் புதிய பதிப்புகளைத் திறமூல உரிமத்திலிருந்து கட்டுப்பாடுடைய உரிமத்திற்கு மாற்றியது. 2025இல் அந்நிறுவனம் ஐபிஎம் வசமாயிற்று. சிபி-40ஐ உருவாக்கிய நிறுவனத்திடமே வேக்ரண்டும் சென்று சேர்ந்தது.

இவ்வரம்புகளுக்கு இருவகை விடைகள் முயலப்பட்டுள்ளன. ஒன்று, பாதுகாத்தல். டெபியன் திட்டத்தின் நிலைப்பதிவுக் காப்பகம் 2005 முதலான தொகுப்புகளை நாள்வாரியாகச் சேமித்து வைத்துள்ளது. குறிப்பிட்ட ஒரு நாளைச் சுட்டி அந்நாளின் தொகுப்புகளையே பெறலாம். மற்றொன்று, துல்லியமாக எழுதுதல். எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் விளக்கிய நிக்ஸ் என்னும் முறை, ஒரு தொகுப்பின் உருவாக்கத்திற்குக் காரணமான அனைத்தையும் கணக்கிட்டு அதன் அடையாளத்தில் சேர்க்கிறது.

எனினும் இவ்விரண்டும் ஒரு முரணைத் தவிர்க்க இயலவில்லை. சூழலை அசையாமல் நிறுத்தினால் நாளும் வெளிவரும் பாதுகாப்புத் திருத்தங்கள் அதனை அடைவதில்லை. திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றால் சூழல் ஒன்றுபோல் இருப்பதில்லை. எதனை எப்போது மாற்றுவது என்பதைக் கருவி தீர்மானிக்க இயலாது. அதனைக் குழுவே தீர்மானிக்க வேண்டியுள்ளது. கணினிவழி ஆய்வு மேற்கொள்ளும் எத்துறைக்கும் இது பொருந்தும். ஓர் ஆய்வின் முடிவை ஐந்தாண்டு கழித்துச் சரிபார்க்க விரும்புவோருக்கு நிரல் மட்டும் கிடைத்தால் போதாது. அது இயங்கிய சூழலும் கிடைக்க வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

• மெய்நிகர் எந்திரம் வன்பொருட் சிக்கனத்திற்கான கருவி மட்டுமன்று. சிபி-40, சிபி-67 காலத்திலிருந்தே அது மென்பொருள் உருவாக்குவோரின் பணிக்கருவியாகவும் விளங்கியது.

• சூழலின் ஒருமை, பேரெந்திரக் காலத்தில் இயல்பாகக் கிடைத்தது. தனியாள் கணினியின் வரவால் இழக்கப்பட்டது. 1999க்குப் பின் படியெடுத்தலாலும் 2010க்குப் பின் எழுத்து வரையறையாலும் மீட்க முயலப்பட்டது.

• படிமம் முழுமையானது, ஆனால் தன்னை விளக்காதது. வரையறைக் கோப்பு விளக்கமானது, ஆனால் முழுமையற்றது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை நீக்கிவிடவில்லை. பெரும்பாலான வரையறைக் கோப்புகள் ஏதேனும் ஒரு படிமத்தையே அடியாகக் கொண்டு நிற்கின்றன.

• மறுபயன்பாடு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. வரையறைக் கோப்போடு அது சுட்டும் படிமத்தையும் தொகுப்புகளையும் தம் பொறுப்பில் சேமித்துவைக்கும் குழுவே பிற்காலத்தில் அச்சூழலை மீட்க இயலும். எழுதுதலுக்கு அளிக்கப்படும் கவனம் காப்பகப்படுத்தலுக்கும் அளிக்கப்படல் வேண்டும் என்பதே அறுபதாண்டுக்கால வளர்ச்சி உணர்த்தும் உண்மையாகும்.